எல்லா உளச்சிகிச்சையும் ஒன்றுதானா?

பேச்சாலும் பயிற்சியாலும் மனத்துன்பத்தைக் குறைக்க முடியும் என்பதை இன்று மருத்துவ உலகில் மறுப்பவர் குறைவு. சச்சரவெல்லாம் அதற்கடுத்த கேள்வியில்தான். உளப்பகுப்பாய்வு, நடத்தைச் சிகிச்சை, சிந்தனை-நடத்தைச் சிகிச்சை, உறவுவழிச் சிகிச்சை, குடும்பச் சிகிச்சை எனப் பெயர்கள் பெருகிக்கிடக்கும் நிலையில், எந்தத் துன்பத்துக்கு எது உதவும்? நோய்க்கேற்ற முறை என்று ஒன்று உண்டு, அதைப் பிசகாமல் கையாள்வதில்தான் பலன் இருக்கிறது என்கிறார்கள் ஒரு சாரார். முறைகளுக்கிடையே சொல்லும்படியான வேறுபாடு கிடையாது, நம்பத்தகுந்த ஒருவர் அக்கறையோடு கேட்பதும் குணமாகும் என்ற நம்பிக்கையை ஊட்டுவதும்தான் மருந்து என்கிறார்கள் மறுசாரார். இரு தரப்பிலும் நல்ல சான்றுகள் இருக்கின்றன. வெவ்வேறு நோய்களைப் பார்த்துக்கொண்டு பேசியதால்தான் விவாதம் இவ்வளவு காலம் நீண்டது என்று எனக்குத் தோன்றுகிறது. அச்சத்தை மையமாகக் கொண்ட நோய்களில் முறை வெகுவாக முக்கியம். மனச்சோர்வில் அந்த அளவுக்கு இல்லை. கடும் மனநோய்களில் கேள்வியே வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே சராசரிக்குள் போட்டுவிட்டால், நோயாளிக்குப் பயன்படாத ஒரு விடைதான் மிஞ்சும்.

கேள்வி பிறந்த விதம்

நவீன உளச்சிகிச்சையின் தொடக்கமாக, ஜோசப் பிராயரும் சிக்மண்ட் ஃபிராய்டும் 1895இல் வெளியிட்ட ஹிஸ்டீரியா பற்றிய நூலைச் சொல்வது வழக்கம். அதில் 'அன்னா ஓ.' என்ற புனைபெயரில் வரும் பெண் பெர்த்தா பாப்பன்ஹைம். பேசப் பேசத் தன் நோய்க்குறிகள் விலகியதாகச் சொன்ன அவரே அந்த முறைக்குப் 'பேச்சு வைத்தியம்' என்று பெயரும் வைத்தார். ஆனால், சிகிச்சை முடிந்ததாகக் கருதப்பட்ட 1882இலேயே அவர் சுவிட்சர்லாந்தின் குரோய்ட்ஸ்லிங்கன் நகரில் ஒரு மனநல விடுதியில் சேர்க்கப்பட்டார் என்பது வெகுகாலம் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. பிற்காலத்தில் அவர் ஜெர்மனியின் குறிப்பிடத்தக்க சமூகப் பணியாளராகவும் பெண்ணுரிமைப் போராளியாகவும் திகழ்ந்தார். அந்த மீட்சியை எதன் கணக்கில் எழுதுவது? சிகிச்சையின் கணக்கிலா, காலத்தின் கணக்கிலா, அவருடைய மனவலிமையின் கணக்கிலா? தனி நோயாளியின் கதையை மட்டும் வைத்துக்கொண்டு இதற்கு விடை சொல்ல முடியாது. உளப்பகுப்பாய்வு உலகெங்கும் பரவியபோதும், கிரீந்திரசேகர போஸ் 1922இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவியபோதும், அந்தக் குறை தீராமலே இருந்தது.

அதை வெளிப்படையாகத் தாக்கியவர் லண்டன் உளவியலாளர் ஹான்ஸ் ஐசென்க். நரம்புத்தளர்ச்சி என்று அந்நாளில் சொல்லப்பட்ட கோளாறுகள் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சிகிச்சை பெற்றாலும் பெறாவிட்டாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் தேறிவிடுகிறார்கள் என்று 1952இல் அவர் எழுதினார். அவருடைய கணக்கு பழுதானது. ஒப்பிடத் தகாத குழுக்களை அவர் ஒப்பிட்டிருந்தார். 'தேறுதல்' என்பதற்கும் இடத்துக்கு ஓர் அளவுகோல் வைத்திருந்தார். ஆனாலும் அந்தக் கட்டுரை செய்த நன்மை பெரிது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு குழுவுக்குச் சிகிச்சை தந்து, மற்றொரு குழுவோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வுமுறை உளச்சிகிச்சைக்குள் வேரூன்ற அது ஒரு முக்கியத் தூண்டுதலாக அமைந்தது.

எல்லோருக்கும் பரிசு

ஐசென்க்குக்கு முன்பே, 1936இல், சால் ரோசன்ஸ்வைக் என்ற இளம் அமெரிக்க உளவியலாளர் எதிர்த்திசையில் ஒரு கேள்வியை எழுப்பியிருந்தார். ஒன்றோடொன்று முரண்படும் கொள்கைகளைக் கொண்ட சிகிச்சைகள் எல்லாமே வெற்றி பெறுவதாகச் சொல்லிக்கொள்கின்றன என்றால், வெற்றிக்குக் காரணம் அந்தக் கொள்கைகளாக இருக்க முடியாது, எல்லாவற்றுக்கும் பொதுவான ஏதோ ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்றார். ஓட்டப்பந்தயத்தின் முடிவில் எல்லோருக்கும் பரிசு அறிவிக்கும், லூயிஸ் கரோல் கதையின் டோடோ பறவையை அவர் நினைவூட்டினார். அதனால் இந்தத் தரப்புக்கு 'டோடோ தீர்ப்பு' என்ற பெயர் நிலைத்துவிட்டது. பரிவு, நிபந்தனையற்ற மதிப்பு, உண்மைத்தன்மை ஆகியவை சிகிச்சையாளரிடம் இருந்தால் மாற்றம் வரும் என்று கார்ல் ரோஜர்ஸ் 1957இல் வாதிட்டார். உளச்சிகிச்சையாளரும் பூசாரியும் மந்திரவாதியும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள், நம்பிக்கை இழந்தவருக்கு அதை மீட்டுத் தருகிறார்கள் என்று ஜெரோம் ஃபிராங்க் 1961இல் எழுதினார். மேரி ஸ்மித்தும் ஜீன் கிளாஸும் 1977இல் 375 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, சிகிச்சை பெற்ற சராசரி மனிதர் சிகிச்சை பெறாதவர்களில் 75 சதவீதத்தினரைவிட நல்ல நிலையில் இருந்தார். முறைகளுக்கிடையேயான வேறுபாடு அற்பமாக இருந்தது. ஐசென்க்குக்கு அது வலுவான மறுமொழி. கூடவே டோடோவுக்குப் பெரும் ஆதரவு. புரூஸ் வாம்போல்ட் 2001இல் வெளியிட்ட நூல் இந்த வாதத்தை இன்னும் கூர்மையாக்கியது.

ஃபிராங்கின் கருத்துக்கு நம் ஊரிலிருந்தே ஒரு சான்று உண்டு. வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள முத்துசாமி கோயிலில் மனநோயோடு வந்து தங்கிய 31 பேரை ஆர். ரகுராமும் சக ஆய்வாளர்களும் கவனித்து, 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். பெரும்பாலோருக்கு மனச்சிதைவு போன்ற கடும் நோய். சராசரியாக ஆறு வாரம் போலத் தங்கினார்கள். மருந்து கிடையாது, தனிச் சடங்கும் கிடையாது. காலை வழிபாட்டில் கலந்துகொள்வார்கள், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற சிறு வேலைகள் செய்வார்கள், உறவினர் ஒருவர் கூடவே இருப்பார். நோயின் கடுமையை அளக்கும் மதிப்பெண் அந்தக் காலத்தில் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தது. இந்த ஆய்வை மதிக்கிறேன். ஆனால் ஒப்பீட்டுக் குழு இல்லாததால், நோய் தானாகவே ஏறி இறங்கும் போக்கை இதிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. ஆறு வாரத்துக்குப் பின் என்ன ஆயிற்று என்பதற்கும் விடை இல்லை. கனிவான சூழல் கடும் நோயாளிக்கும் உதவும் என்று கொள்ளலாம். மருந்து வேண்டாம் என்று கொள்ளக் கூடாது. இவ்வகை இடங்களில் எல்லாம் கனிவு கிடைக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகி இறந்தார்கள்.

அச்சம் மையமான நோய்கள்

டோடோ தீர்ப்பு தடுமாறும் இடம் இதுதான். 1924இல் மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்ற சிறுவனுக்கு, அவன் விருப்பமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முயலைச் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்து அச்சத்தைப் போக்கினார். தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்பி இதை ஒரு முறையாக வளர்த்து 1958இல் நூலாக்கினார். இந்த மரபின் உண்மையான சோதனை ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயில் நடந்தது. கை சுத்தமாகவில்லை, கதவு பூட்டவில்லை என்ற எண்ணம் விடாமல் துரத்த, கழுவுவதிலும் சரிபார்ப்பதிலும் நாள் முழுதும் தொலையும் நோய் அது. உளப்பகுப்பாய்வு அதன் உட்பொருளைப் பல்லாண்டு அலசியும் நோயாளிகள் கழுவிக்கொண்டேதான் இருந்தார்கள். 1966இல் விக்டர் மேயர் லண்டன் மருத்துவமனை ஒன்றில் வேறுவிதமாக முயன்றார். அசுத்தம் என்று அஞ்சும் பொருளைத் தொடச் சொன்னார். பிறகு கழுவவிடாமல் பார்த்துக்கொண்டார்.

இன்று அது நடக்கும் விதத்தைச் சற்று அருகில் பார்க்கலாம். நோயாளியும் சிகிச்சையாளரும் சேர்ந்து அஞ்சும் காரியங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு இவ்வளவு என்று அச்ச மதிப்பெண் போடுகிறார்கள். கதவின் கைப்பிடி 40, செருப்பின் அடிப்பகுதி 70, பொதுக் கழிப்பறைக் குழாய் 95. நாற்பதில் தொடங்குகிறார்கள். கைப்பிடியைத் தொட்ட கையாலேயே சட்டையைத் தடவச் சொல்கிறார் சிகிச்சையாளர். தானும் அப்படியே செய்கிறார். கழுவக் கூடாது, சானிடைசர் கூடாது, 'ஒன்றும் ஆகாதில்லையா' என்று கேட்கவும் கூடாது. கேட்பதும் ஒருவகைக் கழுவல்தான். பதற்றம் ஏறும், உச்சத்தைத் தொடும், பெரும்பாலும் அந்த அமர்வுக்குள்ளேயே இறங்கத் தொடங்கும். இறங்காவிட்டாலும் அதைத் தாங்கிக்கொள்ள முடிகிறது என்பதைக் கற்றுக்கொள்வதே போதும் என்கிறது அண்மைய விளக்கம். பிறகு அதையே வீட்டில் தினமும் செய்ய வேண்டும். இந்தப் பயிற்சியை, இதே அளவு நேரமும் அக்கறையும் செலவிட்டுத் தரப்படும் உடல்தளர்வுப் பயிற்சியோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. தளர்வுப் பயிற்சி ஓசிடியை அதிகம் அசைக்கவில்லை. பரிவும் நம்பிக்கையும் இரண்டிலும் இருக்க, ஒன்று மட்டும் வேலை செய்தது என்றால், முறைக்குத் தனிப் பங்கு இருக்கிறது என்றுதான் பொருள். ஆறுதல் சொல்வதையே சிகிச்சையாகக் கருதும் ஒருவர், ஓசிடி உள்ளவருக்கு நல்லெண்ணத்தோடே நோயை வளர்த்துவிடக்கூடும்.

பீதித் தாக்குதலுக்கும் இதே போன்ற கதை உண்டு. படபடப்பை மாரடைப்பு என்று தவறாகப் பொருள்கொள்வதே பீதியை மூட்டுகிறது என்று டேவிட் கிளார்க் 1986இல் விளக்கினார். அதன்படி, வேகமாக மூச்சுவிட வைத்து அதே படபடப்பை வரவழைத்து, அதனால் ஒன்றும் ஆவதில்லை என்று நோயாளியே கண்டுகொள்ளச் செய்யும் சிகிச்சை உருவாயிற்று.

ஆனால், பேரதிர்ச்சிக்குப் பின்வரும் மன வடுவுக்கு வந்தால் இந்தத் தரப்பும் நிதானிக்க வேண்டியிருக்கிறது. எட்னா ஃபோவா 1991இல் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் நடத்திய ஆய்வில், நடந்ததை மீண்டும் மீண்டும் விவரமாகச் சொல்லவைத்து அச்சத்தை எதிர்கொள்ளச் செய்யும் முறை, காலப்போக்கில் வெறும் ஆதரவுப் பேச்சைவிடக் கூடுதல் பலன் தந்தது. ஆனால் 2015இல் நியூயார்க்கில் 110 பேரிடம் ஜான் மார்க்கோவிட்ஸ் நடத்திய ஆய்வில், கடந்ததைத் தோண்டாமல் இன்றைய உறவுகளைச் சீராக்க உதவும் உறவுவழிச் சிகிச்சை அதற்குப் பெரிதாகப் பின்தங்கவில்லை. ஃபிரான்சின் ஷாபிரோ 1989இல் அறிமுகப்படுத்திய கண்ணசைவுச் சிகிச்சையும் பலன் தருகிறது. ஆனால் பலன் கண்ணசைவால் வருகிறதா, அந்த நினைவை எதிர்கொள்வதால் வருகிறதா என்பது இன்னும் தீரவில்லை. ஒரு முறை பலன் தருவது வேறு, அந்த முறையைக் கண்டவர் சொல்லும் காரணத்தால் பலன் தருவது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வது இத்துறையின் பழைய நோய்.

மனச்சோர்வில் நிலைமை வேறு

மனச்சோர்வுக்கு ஆரோன் பெக் உருவாக்கிய சிந்தனை-நடத்தைச் சிகிச்சை, தன்னையும் உலகையும் எதிர்காலத்தையும் பற்றிய இருண்ட எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கக் கற்றுத்தருகிறது. ஜெரால்ட் கிளெர்மனும் மிர்னா வைஸ்மனும் உருவாக்கிய உறவுவழிச் சிகிச்சை துக்கம், பிணக்கு, வாழ்க்கை நிலை மாற்றம் ஆகியவற்றைக் கையாள்கிறது. கொள்கையில் இரண்டும் வேறு வேறு. ஆனால் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனம் 250 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 1989இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அதன்பின் வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் அந்தத் திசையிலேயே செல்கின்றன. நீல் ஜேக்கப்சன் 1996இல் பெக்கின் முறையைப் பிரித்துப்போட்டுப் பார்த்தார். எண்ணங்களைத் திருத்தும் பகுதியை நீக்கிவிட்டு, கைவிட்டுப்போன செயல்களை மீண்டும் செய்யவைக்கும் பகுதியை மட்டும் தந்தாலும் பலன் குறையவில்லை.

நம் நாட்டுக்கு இது பெரிய செய்தி. எளிய பகுதியே போதும் என்றால், அதைக் கற்றுத்தர நீண்ட படிப்பு தேவையில்லை. விக்ரம் படேலும் அவருடைய சங்கத் நிறுவனமும் கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதைச் சோதித்தார்கள். மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர்வாசிகளுக்குப் பயிற்சி தந்து, கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களை ஆறிலிருந்து எட்டு முறை சந்திக்க வைத்தார்கள். காலையில் எழுந்ததும் என்ன செய்தீர்கள், அப்போது மனம் எப்படி இருந்தது, நாளை அண்டை வீட்டுக்குப் போய்வர முடியுமா என்ற அளவில்தான் பேச்சு. 495 பேர் பங்கெடுத்த அந்த ஆய்வின் முடிவுகள் 2017இல் வெளியாயின. மூன்று மாதத்தில் நோய் தணிந்தவர்கள் சிகிச்சைக் குழுவில் 64 சதவீதம், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற குழுவில் 39 சதவீதம். பாகிஸ்தானில் கிராமச் சுகாதாரப் பணியாளர்களும் ஜிம்பாப்வேயில் மூதாட்டிகளும் இதையொத்த வேலையைச் செய்து பலன் கண்டிருக்கிறார்கள்.

உளப்பகுப்பாய்வு மரபினர் இங்கே ஒரு நியாயமான மறுப்பைச் சொல்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு வார ஆய்வுகள் குறுகிய சிகிச்சைகளுக்குத்தான் சாதகம். ஆளுமையின் ஆழத்தில் நடக்கும் மாற்றம் அந்த அளவுகோலில் சிக்காது என்கிறார்கள். லண்டனின் டாவிஸ்டாக் நிலையத்தில் வேறு எதற்கும் இணங்காத மனச்சோர்வு உள்ள 129 பேரிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓரளவு ஆதரவு தருகிறது. பதினெட்டு மாத உளப்பகுப்பாய்வுச் சிகிச்சை முடிந்தபோது ஒப்பீட்டுக் குழுவோடு வேறுபாடு பெரிதாக இல்லை. அதற்குப் பிந்தைய இரண்டு ஆண்டுகளில்தான் அது துலங்கியது. ஆனாலும் முழுமையாகக் குணமானவர்கள் இரு குழுக்களிலும் சிறுபான்மையினரே. ஒரே ஆய்வை வைத்து ஒரு மரபையே நிலைநிறுத்திவிட முடியாது. அந்த மரபைத் தூக்கி எறிவதும் அவசரம்.

கடும் நோய்களும் குடும்பமும்

தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதும் தற்கொலை முயற்சியும் திரும்பத் திரும்ப வரும் எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறுக்கு மார்ஷா லினெஹன் உருவாக்கிய சிகிச்சை, 1991 ஆய்வில் அத்தகைய முயற்சிகளைக் குறைத்துக் காட்டியது. உண்ண மறுத்து மெலியும் வளரிளம் பருவத்தினருக்குக் குடும்பத்தையே சிகிச்சைக்குள் கொண்டுவரும் லண்டன் மாட்ஸ்லி முறை, தனியாள் சிகிச்சையைவிட நல்லது என்பதற்குச் சான்று உண்டு.

மனச்சிதைவிலும் இருதுருவ நோயிலும் மருந்துதான் அடித்தளம். உளச்சிகிச்சை அதன் மேல் கட்டப்படுவது. இங்கே மிக உறுதியான சான்று குடும்பத்தோடு செய்யும் வேலைக்குத்தான். வீட்டில் குத்தலும் பகைமையும் மிதமிஞ்சிய தலையீடும் இருந்தால் நோய் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம் என்று பிரிட்டனில் கண்டறிந்தார்கள். நோயைப் பற்றிக் குடும்பத்தாருக்கு விளக்கி, பேசும் விதத்தை மாற்றப் பழக்கினால் அந்த வாய்ப்பு குறைகிறது. இதே அளவுகோலைச் சண்டிகரில் வைத்துப் பார்த்தபோது, லண்டன் குடும்பங்களைவிட அங்கே இந்தக் கடுமை குறைவாக இருந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையம் 1957இல் தொடங்கிய காலத்திலிருந்தே உறவினர் நோயாளியோடு உடன் தங்குவதை ஏற்றிருக்கிறது. இது ஆட்பற்றாக்குறைக்குச் செய்த ஏற்பாடாக மட்டும் பார்க்கப்படுவதுண்டு. அது சரியில்லை. குடும்பத்தைக் கூட்டாளியாக்குவதற்கு மேலை ஆய்வுகள் பின்னர் தந்த நியாயத்தை, இங்கே நடைமுறை முன்கூட்டியே எட்டியிருந்தது.

நல்லெண்ணம் செய்த தீங்கு

பேசுவதால் கெடுதல் என்ன வந்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. வேல்ஸில் தீக்காயமடைந்தவர்களுக்கு உடனடியாக ஒரே அமர்வில் நடந்ததை விவரிக்கச் செய்யும் சிகிச்சையைத் தந்து பார்த்தார்கள். பதின்மூன்று மாதம் கழித்து, அதைப் பெற்றவர்களில் 26 சதவீதத்தினருக்கு மன வடு நோய் இருந்தது. பெறாதவர்களில் 9 சதவீதத்தினருக்கே இருந்தது. இந்த முடிவுகள் 1997இல் வெளிவந்தன. ஆனாலும் 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின் தமிழகக் கரைக்கும் இலங்கைக்கும் வந்த உதவிக்குழுக்களில் சில, மொழியும் தெரியாமல் இதே போன்ற வேலையைச் செய்தன. போர்க்கால யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், அங்கே காயம் பட்டது தனிமனிதர் மட்டுமல்ல, குடும்பமும் ஊரும்தான் என்று தொடர்ந்து எழுதிவந்தார். தனியறையில் தனியாளுக்குத் தரும் சிகிச்சை அந்தக் காயத்தின் ஒரு பகுதியைத்தான் தொடும் என்ற அவர் வாதம், முறைகளைப் பற்றிய மேலை விவாதங்களில் இன்னும் போதிய இடம் பெறவில்லை.

இன்னும் தெளியாதவை

மேலே சொன்ன எண்களை எவ்வளவு நம்பலாம்? சற்றுக் குறைத்தே நம்ப வேண்டும். பல ஆய்வுகள் சிகிச்சை பெற்றவர்களைக் காத்திருப்போர் பட்டியலில் உள்ளவர்களோடு ஒப்பிடுகின்றன. அது பலனைப் பெரிதாக்கிக் காட்டும். ஒரு முறையை வளர்த்தவரே அதைச் சோதிக்கும்போது அந்த முறையே பெரும்பாலும் வெல்கிறது. அமெரிக்க அரசு நிதியில் மனச்சோர்வுக்கான உளச்சிகிச்சை பற்றித் தொடங்கிய 55 ஆய்வுகளைத் தேடிப்பார்த்தபோது, ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வெளியிடப்படவே இல்லை. அவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் பலன் நான்கில் ஒரு பங்கு குறைந்தது. இங்கிலாந்து 2008இல் தொடங்கிய பெரும் பொதுச் சேவையிலும், சிகிச்சையை முடித்தவர்களில் தேறுவது ஏறக்குறைய பாதிப்பேர்தான். மீதிப் பாதிக்கு எது உதவும் என்பதை முன்கூட்டியே சொல்லும் வழி இன்றைக்கு இல்லை. ஒரே முறையைக் கையாளும் இருவரில் ஒருவர் ஏன் தொடர்ந்து நல்ல பலன் காண்கிறார் என்பதும் சரியாகப் பிடிபடவில்லை. முறை முக்கியம் என்பவர்களும் ஆள் முக்கியம் என்பவர்களும் சேர்ந்து ஆராய வேண்டிய இடம் அது.

தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான கோளாறுகள் உள்ளவர்களில் ஏறத்தாழ 85 சதவீதத்தினருக்குச் சிகிச்சையே கிடைப்பதில்லை. எந்தச் சிகிச்சை சிறந்தது என்ற கேள்வி அவர்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை. கோவாவில் செய்ததை ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செய்யத் தடையாக இருப்பது அறிவுக்குறை அல்ல. வழி தெரிந்திருக்கும்போது அரசு இதைச் செய்ய வேண்டும்.

கவுன்சலிங் என்ற பலகையின்கீழ் என்ன தரப்படுகிறது என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. ஆகவே சிகிச்சைக்குப் போகிறவர்கள் கூச்சப்படாமல் கேளுங்கள்: என் பிரச்சினைக்கு என்ன பெயர், நீங்கள் கையாளும் முறை எது, அதில் உங்களுக்கு என்ன பயிற்சி, எத்தனை அமர்வுகள், பலன் இல்லையென்றால் எப்போது மாற்றுவோம்? இதைக் கேட்டுக் கோபப்படுபவரிடம் தொடர வேண்டியதில்லை. எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்கள் இந்தியாவில் டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணையும் இலங்கையில் 1926 என்ற எண்ணையும் அழைக்கலாம். இரண்டிலும் தமிழில் பேச முடியும்.